அத்தா அளவு

ராஜபாளையத்து வெயிலில் சாக்ஸ் பின்னுகிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள். எதிர்த்த வீட்டுக்காரி ஜன்னலில் தலையை நீட்டி, "ஏட்டி மைமூன், நம்ம ஊர்ல பனி பெய்யப் போவுதுன்னு ரேடியோவுல சொன்னானாக்கும்?" என்பாள். நான் வாயைத் திறப்பதில்லை. கண்ணியை எண்ணும்போது பதில் சொன்னால் கணக்குத் தப்பிவிடும். அப்புறம் அத்தனையையும் பிரிக்க வேண்டும்.

எனக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்கவைத்தவள் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள். என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். பட்டாளத்துப் புருஷனோடு வடக்கே போய்ப் பனியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தவள். சைக்கிள் சக்கரத்துக் கம்பி நாலை என் வீட்டுக்காரர் நைனா முகமது ஒரு பட்டறையில் கொடுத்து, இரண்டு முனையும் தேய்த்து வாங்கி வந்தார். அவருக்கு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே மிஞ்சுகிற பருத்தி நூலைக் கேட்டு வாங்கி வருவார். அது தலைமுடியைவிட மெலிசு. பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால்தான் கம்பியில் நிற்கும்.

கணுக்கால் வரை எந்தக் கழுதையும் பின்னிவிடும். வெறும் குழாய்தானே. குதிகாலில்தான் ஆளைத் தெரியும். பாதிக் கண்ணிகளைச் சும்மா நிறுத்திவிட்டு, மீதிப் பாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பட்டையாக இறக்க வேண்டும். அதைக் கிண்ணம் போலக் குழித்து, ஓரத்துக் கண்ணிகளைப் பொறுக்கி, எல்லாவற்றையும் மறுபடி வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி நழுவினால் அடிவரை ஓடிப்போகும். என் முதல் குதிகாலைப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கா பின்னுதே?" என்று கேட்டாள் சுடலையம்மாள். கோபத்தில் கம்பியைச் சுவரில் எறிந்திருக்கிறேன். எறிந்துவிட்டு நானே குனிந்து பொறுக்கியும் வந்திருக்கிறேன்.

ஆனால் ஒரு மத்தியானம் அந்தக் குதிகால் சரியாகத் திரும்பியது. தட்டையாகக் கிடந்த நூல் என் கைக்குள்ளேயே ஒரு காலாக வளைந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தீயும் அணைந்துபோனதை நான் கவனிக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஒரு சாக்ஸை முடித்தால் உலகத்தையே முடித்த மாதிரி இருக்கும். மனுஷனுக்கு இரண்டு கால் என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும்.

இவ்வளவு பாடும் என்னைப் பெற்ற அத்தாவுக்காக. கான்சாபுரத்தில் தேங்காய் வியாபாரம் பார்த்தவர். சர்க்கரை வந்து கால் இரண்டும் மரத்துப்போயின. கல் குத்தினாலும் தெரியாது, குத்தின புண்ணும் ஆறாது. காலை மூடியே வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கடையில் விற்கிற சாக்ஸின் எலாஸ்டிக் கெண்டைக்காலை இறுக்கிப் பள்ளம் போட்டது. "இது போலீஸ்காரன் விலங்குமா, வேணாம்" என்று கழற்றி வீசிவிட்டார். நான் அவர் பாதத்தைக் கையால் அளந்தேன். என் கைக்கு ஒரு சாணும் நாலு விரலும். மேல்வாயை இறுக்காமல், தொளதொளவென்று பின்னினேன். எண்பத்தாறாம் வருஷம், கார்த்திகைக் குளிருக்கு முன்னால் ஜோடி முடிந்தது. துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். மறுநாள் கான்சாபுரம் போவதாக இருந்தேன்.

அன்றைக்குத்தான் மதினி வந்தாள். அப்ரோஸ் பேகம், என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வந்தாள், டீ குடித்தாள், கொடியைப் பார்த்தாள். நான் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவளும் இல்லை, சாக்ஸும் இல்லை. "பார்த்துட்டுத் தாரேன்னு எடுத்துட்டுப் போயிருக்கா" என்றார் மாமியார். போகட்டும், நாலு நாளில் தருவாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சாக்ஸை நான் அடுத்துப் பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கல்யாண வீட்டில். மதினியின் பெரிய மாமனார் அல்லா பிச்சை ராவுத்தர் கால்களில் அது இருந்தது. குடும்பத்துக்கே மூத்தவர், அவர் சொல்லுக்கு அங்கே மறுசொல் கிடையாது. "எம் மருமவ கையாலேயே எனக்குன்னு பின்னித் தந்தா" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "அது நான் எங்க அத்தாவுக்குப் பின்னினது" என்றேன்.

மதினி சிரித்தாள். "இவளா? இவளுக்குக் கம்பி புடிக்கவே நான்தான் சொல்லிக் குடுத்தேன். அதுக்கே எம்புட்டு தடவை கையில குத்திக்கிட்டா" என்றாள்.

பந்தியில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்தே வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஒரு பெரிய மனுஷர் காலிலிருந்து உருவவா முடியும்? சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

திரும்ப ஒரு ஜோடி ஆரம்பித்தேன். ஒரு காலில் குதிகாலைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கான்சாபுரத்திலிருந்து ஆள் வந்தது. அத்தா வெறுங்காலில் நடந்து முள் ஏறி, அது தெரியாமலே இருந்து, புண் மேலே மேலே ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. சாக்ஸ் போட்டிருந்தால் முள் ஏறாதா என்று கேட்காதீர்கள். ஏறியிருக்கலாம். என் அத்தா வெறுங்காலோடு போனார் என்பதுதான் எனக்குத் தெரியும். அவர் காலில் ஏற வேண்டிய நூல் அப்போது இன்னொருத்தர் காலில் இருந்தது.

துக்கத்துக்கு மதினியும் வந்து அழுதாள். நன்றாகவே அழுதாள். சாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவளை ஒரு நாள் இதே மாதிரி நாலு பேருக்கு நடுவில் நிறுத்தி, இவள் வாயாலேயே சொல்லவைப்பேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவசரமில்லை. சாக்ஸ் பின்னுகிறவளுக்குப் பொறுமை இருக்கும்.

வருஷங்கள் போயின. தெருவில் பாதிப் பேர் காலில் என் சாக்ஸ் ஏறிவிட்டது. அதற்கும் "நான் சொல்லிக் குடுத்தது" என்று மதினி பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று நாலில் அவள் ஹஜ்ஜுக்குக் கிளம்பினாள்.

மாசி மாதம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "ஏட்டி, அங்க பொம்பளைக காலை மூடிக்கிடணுமாம். நைலான் போட்டா அந்த வெயில்ல கால் வெந்துபோவுமாம். எனக்கு ஒரு ஜோடி வெள்ளையில பின்னித் தா. யார்ட்டயும் சொல்லாத, என்ன?"

"அதுக்கென்ன மதினி" என்றேன். அவள் பாதத்தை அளந்தேன். ஒரு சாண்தான். அன்றைக்கே நூல் முறுக்க உட்கார்ந்தேன். பின்னும்போது பாட்டுகூட வந்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொந்தபந்தம் எல்லார் வீட்டுக்கும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது எங்களில் வழக்கம். மனுஷருக்குச் செய்த தப்பை மனுஷர் மன்னித்தால்தான் ஆகும். யாரும் எதிர்க் கேள்வி கேட்பதில்லை. "பொறுத்துக்கிட்டோம், எங்களுக்காக அல்லாட்ட துஆ கேளுங்க" என்று சொல்லிச் சர்பத் கொடுத்து அனுப்புவார்கள். நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் வேன் வந்து நின்றது. வெள்ளைத் துப்பட்டியில் மதினி, அவளுடைய ஓரகத்திகள், மகள்கள், கைத்தாங்கலாக அல்லா பிச்சை ராவுத்தர். வீடு நிறைந்துவிட்டது. சுடலையம்மாளும் விஷயம் தெரிந்து வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள்.

மதினி என் இரண்டு கையையும் பிடித்தாள். "மைமூன், தெரிஞ்சோ தெரியாமலோ நான் எதாச்சும் செஞ்சிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கோட்டி."

"இருங்க மதினி, உங்க சாமானைத் தந்துருதேன்" என்று உள்ளே போனேன். முடித்த ஒரு சாக்ஸை அவள் வலது கையில் வைத்தேன். கம்பியோடு நின்ற மற்றொன்றை இடது கையில் வைத்தேன். கணுக்கால் வரை வந்து, குதிகால் திருப்ப வேண்டிய இடத்தில் நின்றது.

"ஒண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணை நீங்களே முடிச்சிருங்க. சொல்லிக் குடுத்தவுக நீங்கதான" என்றேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "பயணத்துக்கு நேரமாச்சேட்டி" என்றாள்.

ராவுத்தர் நாற்காலியிலிருந்து ஆசையாக எட்டிப் பார்த்தார். "செத்த நேரம் பின்னேம்மா, நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பின்னித் தந்தவதான நீ?"

அவர் சூதுவாது தெரியாமல்தான் கேட்டார். மதினி நாலாவது கம்பியை எடுத்தாள். எந்தக் கண்ணியில் நுழைப்பது என்று தெரியாமல் சும்மா நின்ற கம்பியை உருவிவிட்டாள். கண்ணிகள் வரிசையாக நழுவி ஓடின. வாசல்படியிலிருந்து சுடலையம்மாள் தொண்டையைக் கனைத்தாள்.

"மதினி, பொறுக்கணும்னு கேட்டீங்க. எதைப் பொறுக்கணும்னு சொல்லுங்க, பொறுத்துக்கிடுதேன்" என்றேன்.

ஹஜ்ஜுக்கென்று மனசில் நிய்யத்து வைத்துத் துப்பட்டியும் போட்டுக்கொண்டு வந்தவள். அந்த வாயால் இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ராவுத்தர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அதை நான் பின்னலை" என்றாள். "மைமூன் பின்னினது. அவ அத்தாவுக்காகப் பின்னினது. கொடியில காஞ்சதை நான் எடுத்துட்டு வந்து உங்களுக்குக் குடுத்துட்டேன். எனக்குக் கம்பி புடிக்கவே தெரியாது."

ராவுத்தர் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். அவளுடைய மகள்கள் பார்த்தார்கள், ஓரகத்திகள் பார்த்தார்கள். கல்யாணப் பந்தியில் சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அப்படிக் குளிர்ந்தது.

"எம் பங்கை நான் பொறுத்துக்கிட்டேன் மதினி" என்றேன். "எங்க அத்தா பங்கை நான் எப்படிப் பொறுக்க? அதை அவியகிட்டத்தான் கேக்கணும்."

"அவிய மவுத்தாகிட்டாகளேட்டி."

"ஆமா" என்றேன்.

சர்பத்தை யாரும் தொடவில்லை. முடித்த சாக்ஸோடு அவள் வேன் ஏறிப் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னோடு சண்டைக்கு வந்தார். "ஹஜ்ஜுக்குப் போற மனுசிய அழ வச்சு அனுப்பிட்டியே. இப்ப வயிறு நெறஞ்சுதா?"

"பாதி நெறஞ்சுது" என்று சொல்லிவிட்டு, நழுவிக் கிடந்த சாக்ஸைப் பூராவும் பிரித்துச் சுற்றினேன். புதிதாகக் கண்ணி போட்டேன். என் கைக்கு ஒரு சாணும் நாலு விரலும், மேல்வாய் தொளதொளவென்று. அந்த அளவு எனக்கு மறக்கவில்லை. குதிகால் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் திரும்பியது.

அவள் மெட்ராஸுக்கு ரயில் ஏறும் முன்னால், டவுன் பஸ்ஸில் என் வீட்டுக்காரரிடமே கொடுத்தனுப்பினேன். "அத்தா பங்கு தீரணும்னா, ஒரு கால்ல அவளோடதையும் மறு கால்ல இதையும் போட்டு நடக்கச் சொல்லுங்க." மார்க்கத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டால் என்னைத்தான் ஏசுவார். அதனால் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்து முறைத்தார். "போட்டுப் பார்த்தா. பெருசா இருக்கேன்னா. உங்க அத்தா அளவுன்னேன். மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டா."

ஆனி பிறந்த பிறகு மதினி வந்தாள். தனியாக வந்தாள். கறுத்து, இளைத்து, பாதி ஆளாகியிருந்தாள். பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தாள். அப்புறம் ஒரு காகிதப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். அந்தப் பெரிய சாக்ஸ். அடிப்பாகம் தேய்ந்து, உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

"எம்புட்டு இழுத்து விட்டாலும் நழுவுதுட்டி" என்றாள். சண்டை போடுகிற குரல்தான். "நாலு எட்டு வைக்கதுக்குள்ள கழண்டு வருது. அந்தக் கூட்டத்துல, மிதிபட்டு, இடிபட்டு, குனிஞ்சு குனிஞ்சு இழுத்து விட்டேன். ஒவ்வொரு தடவை குனியும்போதும் உங்க அத்தா முகம்தான். அவிய நெனப்பு இல்லாம அல்லா வீட்டை ஒரு சுத்து சுத்த முடியலட்டி எனக்கு."

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குதிகால் மட்டும் நூல் விடாமல் அப்படியே நின்றது.

"அதுக்குத்தான் மதினி பின்னினேன்" என்றேன்.