எந்தக் கால் முன்னால்

மாஸ்டர் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார். பகலில் மருந்துக்கடையில் நிற்பாள். மாலையில் மாடி ஹாலில் குத்துச்சண்டை பழகுவாள். மாஸ்டருக்கு முதுகுவலி வந்ததிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கால் நகர்த்தச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

இடது கால் முன்னால் இருக்கவேண்டும். எதிராளி பாய்ந்து வரும்போது பின்வாங்காமல் இடப்பக்கம் ஒரு எட்டு விலகி உடம்பைத் திருப்பினால், அவன் வெறுங்காற்றைக் குத்திக்கொண்டிருப்பான். இவள் அவன் விலாப்பக்கம் நிற்பாள். அவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எதிரே நின்று இடது காலைக் காட்டினால் வகுப்பு மொத்தமும் வலது காலை எடுத்து வைத்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் தானே வலது காலை முன்னால் வைத்து, வலப்பக்கம் நகர்ந்து காட்டினாள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல எல்லோரும் சரியாகச் செய்தார்கள். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடிவிட்டது.

அவள் எடைப் பிரிவில் போட்டிக்கு ஒருத்திதான் போகமுடியும். அவளா, கூடப் பழகும் பம்பரமா என்பதை ஞாயிற்றுக்கிழமை இருவரையும் மோதவிட்டுப் பார்க்கப் போவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். பம்பரம் கட்டையாக, கல் மாதிரி இருப்பாள். நெட்டைக்கு முப்பத்துநாலு வயது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும்.

முதல் சுற்றில் பம்பரம் பாய்ந்தாள். நெட்டை யோசிக்கவில்லை, நகர்ந்தாள். பம்பரத்தின் குத்து காற்றில் போக, நெட்டையின் இடது கை அவள் தாடையில் சுத்தமாக இறங்கியது. திரும்பத் திரும்ப அதே கதை. பம்பரத்துக்கு ஆள் எங்கே போகிறாள் என்றே புரியவில்லை. நெட்டைக்கும்தான்.

இடைவேளையில் அவள் கணவன், லிப்ட் மெக்கானிக், தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"எப்பலேர்ந்து இப்படி மாத்தி நிக்கிற?"

"எப்படி?"

"வலது கால் முன்னாடி. இடதுகைக்காரங்க மாதிரி."

அவள் குனிந்து பார்த்தாள். வலது கால்தான் முன்னால் இருந்தது. யாரோ தன் கால்களை மாற்றி மாட்டிவிட்டதுபோல் இருந்தது.

இரண்டாம் சுற்றில் பிடிவாதமாக இடது காலை முன்னால் வைத்தாள். பம்பரம் வந்தாள். இடப்பக்கம் போ என்றது தலை. கால் வலப்பக்கம் கிளம்பியது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள். எழுந்தாள். சரி, வலதையே முன்னால் வைப்போம் என்று மாற்றினாள். இப்போது அதுவும் வரவில்லை. மணி அடிப்பதற்குள் மூக்கு சிவந்துவிட்டது.

மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கயிற்றருகே வந்தார்.

"முதல் சுத்துல செஞ்சியே, அது என்னம்மா?"

"தெரியல மாஸ்டர்."

"திரும்பச் செய்வியா?"

அவள் கால்களைப் பார்த்தாள். இரண்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் கால்கள்போல் ஒட்டி நின்றன. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தலையை ஆட்டி இல்லை என்றாள். மாஸ்டர் பம்பரத்தின் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கணவன் அவள் கையுறைக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். பம்பரம் தாடையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, போட்டியில இடதுகைக்காரி எவளாவது வந்தா நான் செத்தேன். முதல் சுத்துல நின்ன மாதிரி கொஞ்சம் நில்லேன், பழகிக்கிறேன்."

"எதிர்ல நின்னவ நீதான். எந்தக் கால்னு நீயே சொல்லு."

பம்பரம் யோசித்தாள். "வலது." தன் காலைப் பார்த்தாள், இவள் காலைப் பார்த்தாள். "உனக்கு வலதா, எனக்கு வலதா?"

கணவன் கட்டை அவிழ்ப்பதை நிறுத்தினான். மூவரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.