எட்டுக் குடைகளின் பின்பக்கம்

அன்று புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பயிற்சி மையத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மையத்தின் தலைவி. வெளியிலிருந்து அழைக்கப்பட்டிருந்த தேர்வாளர் அம்மாள். இவர் சொந்தமாக எம்பிராய்டரி பட்டறை நடத்துகிறவர். குறிப்பெடுக்க ஓர் எழுத்தர் பெண். மருமகள். அவளுடைய கணவன், அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன், அரை நாள் விடுப்பில் வந்திருந்தான். அவனுடைய தகப்பனாரான பெரியவர். இவர் நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாவதாக யாரும் இல்லை. இதை இவ்வளவு வரிசையாகச் சொல்லக் காரணம் உண்டு. அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. அந்த மையத்தில் எம்பிராய்டரி வடிவமைப்பு சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை தேவைப்பட்டது. விண்ணப்பிப்பவர் சொந்தமாக வரைந்து, சொந்தக் கையால் தைத்த மாதிரித் துணி ஒன்றைக் கொடுக்க வேண்டும். மருமகள் ஏழு வருடமாக வீட்டிலிருந்தபடியே தைத்துக்கொடுப்பவள். யாரோ கேட்ட பூ, யாரோ கேட்ட கொடி. தன் தலைக்குள் இருக்கும் ஒன்றை ஒருநாளாவது தைக்க வேண்டும், அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு வெகுநாள் ஆசை. ஐந்து மாதம் உட்கார்ந்து ஒரு துணியை முடித்தாள்.

துணியில் எட்டுக் குடைகள். மழை விட்டபின் காயப்போட்ட குடைகள், மேலிருந்து பார்ப்பது போல. தூரத்திலிருந்து பார்த்தால் எட்டுப் பூ. கிட்டே வந்தால்தான் கம்பியும் முனையும் தெரிந்து, அட, குடை என்று சிரிப்பு வரும். ஒவ்வொரு குடைக்கும் ஒரு தையல். முதல் குடை எளிய சங்கிலித் தையல், எட்டாவது குடையில் நிறம் நிறத்தோடு கரையும் நிரப்புத் தையல். வாரத்துக்கு ஒரு குடையாக எட்டு வாரப் பாடம். அந்தத் துணியே பாடப்புத்தகம்.

பதில் கடிதத்தைப் பெரியவர் கூடத்தில் நின்றபடி மூன்று தடவை படித்தார். "மாதிரித் துணியின் பின்பக்கத்தை ஆராய்ந்ததில், அது ஒருவருக்கு மேற்பட்டோரின் கைவேலை எனத் தெரியவருகிறது. எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தாங்கள் இனி இம்மையத்தில் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்."

எழுதிய தாளில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் வேலை பார்த்து வெளியே வந்த மனிதர் அவர். அவர் வீட்டு முகவரிக்கு இப்படி ஒரு தாள் வந்திருக்கிறது.

"பாத்தியா இதை? ஒருவருக்கு மேற்பட்டோராம்! நம்ம வீட்டுப் பொண்ணு அடுத்தவங்க வேலையைத் தன்னோடதுன்னு காட்டுதாம்!"

மூட்டுவலிக்காகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒருத்தருக்கு மேலயா? குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கவே இந்த வீட்டுல இன்னொரு கை நீளாது. தைக்கறதுக்கு நீண்டுச்சாக்கும்!"

பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருமகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்தாள். "விடுங்க மாமா. நான் வீட்டோட இருந்து ஆர்டரே தச்சுக்கறேன்."

"எதை விடறது? வேலை போனா போகுது, பேரு? பித்தலாட்டக்காரின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நாளைக்கு உன் பொண்ணு பெரியவளாகி அந்தப் பக்கம் போனா, இன்னார் மகளான்னு கேப்பாங்க. புதன்கிழமை கிளம்பு. நான் வரேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே சின்னக் குழந்தை அழுதது. போய்விட்டாள்.

மாடி அறையில் பெரியவர் உட்காரவில்லை. நாற்காலி காட்டியும் நின்றுகொண்டே பேசினார். குற்றம் சாட்டுகிறவர் ஆதாரம் காட்ட வேண்டும் என்றார். எங்கள் குடும்பத்தில் பிறந்தவர்களானாலும் சரி, வந்தவர்களானாலும் சரி, அடுத்தவர் உழைப்பில் தன் பேரை எழுதிக்கொள்கிற வழக்கம் கிடையாது என்றார். மகன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குடைத் துணியை மேசையில் குப்புற விரித்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். "முன்பக்கம் அருமை ஐயா. அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. இங்க பாருங்க. ஒருத்தர் உக்காந்து தச்சா, ஊசியில இருக்கற நூல் தீர்ற வரைக்கும் போவாங்க. ஒரு முழ நூலாவது ஓடும். இங்க ரெண்டு விரற்கடைக்கு ஒரு முடிப்பு. அறுத்து, திருப்பி ஆரம்பிச்சு, அறுத்து, திருப்பி ஆரம்பிச்சு. என் பட்டறையில நாலு பேரு மாத்தி மாத்தி ஒரே துணியில உக்காந்தா பின்பக்கம் இப்படித்தான் இருக்கும். முப்பது வருஷமா பாக்கறேன்."

பெரியவர் கண்ணாடி வழியே பார்த்தார். மூன்றாவது குடையில் மட்டும் அறுபதுக்கு மேல் முடிப்புகள். எண்ணுவதை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"சொல்லும்மா. ஏன் இப்படி இருக்கு?"

"பழக்கம் மாமா."

"என்ன பழக்கம்?"

அவள் தரையைப் பார்த்தாள். வீட்டு விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். சட்டம் போட்டவர் எதிரில் நின்றார்.

தேர்வாளர் நியாயமான மனுஷி. "சரி, சண்டை எதுக்கு? ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்து தைக்கட்டும். கையை நான் பாத்துக்கறேன்."

எம்பிராய்டரி வளையத்தில் ஒரு புதுத் துணியை மாட்டினார்கள். மருமகள் பென்சிலால் ஒரு குடையை ஒரே இழுப்பில் வரைந்தாள். ஊசி கோத்தாள். தைக்க ஆரம்பித்தாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. தோள் தளர்ந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. பத்து வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்த முகத்தைப் பெரியவர் பார்த்ததில்லை. யாருடைய முகம் இது என்று ஒரு கணம் தோன்றி, அந்த எண்ணமே அவருக்குக் கோபமூட்டியது.

ஒரு மணி நேரம் கழித்துத் தேர்வாளர் வளையத்தைத் திருப்பினார். நூல் நீளமாக, நிம்மதியாக ஓடியிருந்தது. முடிப்புகள் மொத்தம் மூன்று.

"பாத்தீங்களா ஐயா? இது ஒரு கை. அது வேற கை. நான் இதைத்தான் சொன்னேன்."

தலைவி எழுத்தர் பெண்ணிடம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. நேர்முகச் சோதனையிலயும் கைவேலை பொருந்தல."

பெரியவர் ஆதாரம் கேட்கப்போய் வந்த சோதனையே அவர் கழுத்தில் கயிறாக விழுந்திருந்தது. மகன் மெல்ல, "அப்பா, போலாம்பா. நேரமாச்சு" என்றான்.

"உனக்கு நேரமா முக்கியம்? உன் பொண்டாட்டியைத் திருடின்னு எழுதிக்கிட்டிருக்காங்கடா!"

அப்போதுதான் மருமகள் எழுந்தாள். "எழுதாதீங்க" என்று எழுத்தர் பெண்ணிடம் சொன்னாள். குரல் உயரவில்லை, ஆனால் பேனா நின்றுவிட்டது.

"ரெண்டும் என் கைதான் மேடம். ஒரே ஒரு வித்தியாசம். இங்க ஒரு மணி நேரமா யாரும் என்னைக் கூப்பிடல."

"என்னது?"

"வீட்டுல யாராவது கூப்பிட்டா நான் எழுந்திருக்கணும். துணியில ஊசியை விட்டுட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு மாமா கண்டிஷனா சொல்லியிருக்காங்க. ஒருதடவை அவங்க ஊசி மேலயே உக்காந்துட்டாங்க."

மகன் இருமினான். பெரியவர் அவனைப் பார்த்த பார்வையில் இருமல் பாதியில் செத்தது.

"ஊசியை மட்டும் கழட்டினா நூல் வால் தொங்கும். சின்னது பிடிச்சு இழுத்தா ஒரு வரிசையே போயிடும். அதனால முடிச்சு, அறுத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்." அவள் குடைத் துணியை இழுத்து, மூன்றாவது குடையின் பின்னால் விரல் வைத்தாள். வைத்த பிறகு நிறுத்த முடியவில்லை. "இது பால் பொங்கினது. இது மூத்த பொண்ணுக்கு ஷூ கயிறு. இது அத்தைக்கு மூட்டுல தேய்க்கற மருந்து. இது இவரு, வண்டிச் சாவி எங்கன்னு. சாவி இவரு கையிலயே இருந்துச்சு. இது வாசல்ல யாரோ. இந்த ஏழும் வரிசையா ஒரே காலையில..."

அங்கே விரல் நின்றது.

"யாரு?" என்றார் பெரியவர்.

"வேணாம் மாமா."

"கேக்கறேன்ல?"

"நீங்கதான் மாமா. பேப்பர் வந்துச்சான்னு. கண்ணாடி எங்கன்னு. வெந்நீர். கரண்ட் பில். அப்புறம் ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்க. அப்புறம் திறக்கச் சொன்னீங்க. அப்புறம் மறுபடி கண்ணாடி."

தேர்வாளர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, நம்பவில்லை, அவ்வளவுதான். "நல்லாக் கதை சொல்றீங்கம்மா. நாங்களும் குடும்பம் நடத்தறவங்கதான். ரெண்டு விரற்கடைக்கு ஒரு தடவையா கூப்பிடுவாங்க?"

அந்தச் சிரிப்புதான் பெரியவரைச் சுட்டது. அவர் முகம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மருமகள் சொன்ன ஏழும் அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதான் உறைத்தது. அவ்வளவு சாதாரணமாகக் கூப்பிட்டிருக்கிறார். வாய் திறக்காமல் படியிறங்கிப் போயிருந்தால் அவருடைய மரியாதை முழுசாக வீடு திரும்பியிருக்கும். அவள் பேர் அங்கேயே கிடந்திருக்கும்.

"கதையா? என் மருமக கதை சொல்றாளா? இன்னும் பத்து நிமிஷம் தைக்கட்டும். நீங்க பேசாதீங்க. பாருங்க" என்றார். அன்று முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் உட்காருவது போலவே, ஒரு காலை மடித்து, மேசையில் கிடந்த பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

மருமகள் மறுபடி ஊசி கோத்தாள். பத்துத் தையல் போயிருக்கும்.

"ஏம்மா!"

அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பியது. சுருதி, இழுப்பு எல்லாம் வீட்டில் கூப்பிடும் அதே குரல். மருமகளின் கை யோசிக்கவில்லை. ஊசி பின்பக்கம் போய் இரண்டு சின்னக் குத்து, நூலுக்கடியில் ஒரு நுழைப்பு, கத்தரி, ஊசி பஞ்சுத் திண்டில். "என்ன மாமா?" என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். எழுத்தர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூப்பிட்ட பெரியவருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல. உக்காரு."

உட்கார்ந்தாள். ஒரு நிமிடம். "ஏம்மா, மணி என்ன?" சுவர்க் கடிகாரம் அவர் எதிரிலேயே இருந்தது. மறுபடி குத்து, நுழைப்பு, கத்தரி. மறுபடி. நான்காவது தடவை அவருக்குக் குரல் எழவில்லை. மகனைப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "இந்தா, சாவியைப் பாத்தியா?" என்றான். குத்து, நுழைப்பு, கத்தரி.

பத்து நிமிடம் ஆவதற்குள் தேர்வாளரே கையைக் காட்டினார். "போதும் ஐயா. போதும்."

வளையத்தைத் திருப்பிக் குடைத் துணியின் பக்கத்தில் வைத்தார். இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிப்பு. கண்ணாடி வைத்துப் பார்த்தார். முடிப்பின் சாய்வுகூட ஒன்றாகவே இருந்தது. நிமிர்ந்தபோது மருமகளிடம்தான் பேசினார். "என்னை மன்னிச்சுக்கோம்மா. பட்டறையைப் பாத்த கண்ணால உன் வீட்டைப் பாத்துட்டேன். இவ்வளவு அறுத்து அறுத்துத் தச்சும் முன்பக்கம் ஒரு இடத்துலகூடத் தெரியலையே! அதை என் ஆளுங்களுக்கே நீ சொல்லிக்கொடுக்கணும்."

தலைவி அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. "எல்லாம் சரி சார். வீட்டுல இத்தனை பேரு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, இவங்க வகுப்புக்கு நேரத்துக்கு எப்படி வருவாங்க?"

பெரியவர் வாய் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள். "வருவேன் மேடம். திங்கள், புதன், வெள்ளி, பத்து மணிக்கு இங்க இருப்பேன். கூப்பிடறவங்க அவங்கவங்க எழுந்து போய்ப் பாத்துக்குவாங்க." சொல்லிவிட்டு மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அனுமதி கேட்கும் பார்வை இல்லை அது.

பெரியவர் எழுத்தர் பெண்ணின் மேசைக்குப் போனார். "அதையும் எழுதிக்கோம்மா. குடும்பத்தார் ஒப்புக்கொண்டனர்னு போடு. ஒப்புக்கொண்டார் இல்ல, ஒப்புக்கொண்டனர். இவனும் கையெழுத்துப் போடுவான்." மகன் போட்டான். பெரியவர் அதன் கீழே, அடித்தல் திருத்தல் இல்லாமல், தன் பெயரை எழுதினார்.

தெருவுக்கு வந்ததும் பெரியவர் வேகமாக முன்னால் நடந்தார். கோபமா, கூச்சமா என்று பின்னால் வந்த இருவருக்கும் தெரியவில்லை. சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, திரும்பாமலே, "ஒரே காலையில ஏழு தடவையா?" என்றார்.

"ஆமாம் மாமா."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன் மாமா. கூப்பிட்டீங்க."

மருமகளுக்கு அந்த வாரமே வேலை உத்தரவு வந்தது. வகுப்பில் இப்போது பதினான்கு பேர். நான்காவது குடையில் இருக்கிறார்கள். அன்று அந்த மாடி அறையில் பெரியவர் கையைக் கட்டி நின்று, தேர்வாளரிடம் மன்னிப்புக் கேட்டு மருமகளுக்கு வேலை வாங்கினார் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது பொய். மன்னிப்புக் கேட்டவர் தேர்வாளர்.