குமட்டாத வயிறு

என் மருமகள் வாந்தி எடுத்தால் என் மகளுக்கு வயிறு எரியும். அடுத்தவள் நகையைப் பார்த்து எரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவள் வீட்டைப் பார்த்துப் புழுங்குகிறவர்களையும் தெரியும். வாந்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்ணை என் வீட்டில்தான் பார்த்தேன்.

எங்களுடையது சோபா தைக்கிற கடை. பழைய சோபாவை உரித்து, ஸ்பிரிங் மாற்றி, புது ஸ்பாஞ்ச் ஒட்டி, துணி போட்டுக் கொடுப்போம். உரிப்பதும் ஆணி அடிப்பதும் நான். அளவு எடுப்பதும் கொண்டுபோய்ப் போடுவதும் மகன். துணி வெட்டுவது மருமகள். தையல் மெஷின் மகளுடையது, அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. சின்ன வயதில் அவளுக்கு நூல்கண்டு என்று பெயர் வைத்தவன் அவள் அண்ணன். உடம்பு போட்ட பிறகு அது கேலி மாதிரி கேட்டது. நூலு என்று சுருக்கிக்கொண்டோம். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம்.

உடம்பு போட்டது தின்று போட்டதல்ல. நீர்க்கட்டி. மாதாமாதம் வர வேண்டியது அவளுக்கு அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். தாடையில் முடி முளைத்தது. சர்க்கரையே இல்லாதவளுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான் சண்டைக்கே போனேன். நீர்க்கட்டிக்கும் அதைத்தான் கொடுப்போம் என்றார்கள். நான் நம்பவில்லை. யாரையுமே லேசில் நம்புகிறவன் இல்லை நான்.

மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஒன்றும் இல்லை. மருமகள் வந்து வருஷம் திரும்பவில்லை, அவளுக்கு நின்றுவிட்டது. அன்றைக்கு என் மகள் மெஷினில் ஒரே கோட்டை மூன்று தடவை தைத்துப் பிரித்தாள். மகன் சிரித்துக்கொண்டே நின்றான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவன் என்ன தப்பு செய்தான்? ஒன்றும் இல்லை. ஆனாலும் இருந்தது.

அடுத்த வாரமே மகளும் பரிசோதனைக் குச்சியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அப்பா, ரெண்டு கோடு தெரியுதா?"

"தெரியுது."

"கண்ணாடி போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டுதான்."

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரிடமும் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் கேட்டு வாரக் கணக்கு சொன்னார்கள். மகளுக்குத் தள்ளித் தள்ளி வருவதால் அந்தத் தேதி ரொம்பப் பின்னால் இருந்தது. கணக்குப்படி அவள் பிள்ளைதான் மூத்தது. என் மகள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பின்னால் நின்றவள் கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு வந்தது போல.

"அண்ணி, உங்க பிள்ளை என் பிள்ளையை அத்தான்னு கூப்பிடணும், தெரியும்ல?"

"பொண்ணாப் பொறந்தா?"

"நான் உங்களைக் கூப்பிடுற மாதிரி அண்ணின்னு கூப்பிடட்டும். எப்படிப் பாத்தாலும் என்னோடதுதான் பெருசு."

மருமகள் சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டும் என் பேரப்பிள்ளைதான், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? ஓட்டம் என்று வந்தால் மகள் பக்கம்தான் கை தட்டத் தோன்றும்.

அதன் பிறகுதான் மருமகளுக்கு வாந்தி தொடங்கியது. ஸ்பாஞ்சை ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவை நான் திறந்தால் போதும், கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடுவாள். பெட்ரோல் வாடை மாதிரி அது நெடியடிக்கும். டப்பாவை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். அப்போதும் ஓடினாள். ஒவ்வொரு தடவையும் என் மகள் மெஷினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பாள்.

"எப்படி வருது அண்ணி? முதல்ல வயித்துல வருதா, தொண்டையிலயா?"

"வர்றது எங்கேருந்து வந்தா என்னடி? ஆளை விடு."

"இல்ல, சொல்லுங்க. எனக்கு ஏன் வரல?"

"குடுத்து வச்சவ நீ."

அது என் மகளுக்கு ஆறுதலாக இல்லை. யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள், குமட்டினால் கரு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். எவள் சொன்னாள் என்று தெரிந்திருந்தால் நாக்கில் ஆணி அடித்திருப்பேன்.

முதல் ஸ்கேனுக்கு இரண்டு பேரையும் மகன் ஒரே நாளில் கூட்டிப்போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி களவு செய்தவன் பார்வை. மருமகள் பிள்ளைக்கு இதயம் துடிக்கிறது. மகளுக்குப் பை மட்டும் தெரிகிறது, உள்ளே துடிப்பு இல்லை. வாரக் கணக்குக்குச் சின்னதாக இருக்கிறதாம். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்களாம்.

மறுநாள் காலையில் நானே அந்த டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"மருமகளை விட என் மகளுக்கு நாள் கூட. அப்புறம் எப்படிச் சின்னதா இருக்கும்?"

"தேதியை வச்சுச் சொன்ன கணக்கு அது, ஐயா. மாசாமாசம் சரியா வர்றவங்களுக்குத்தான் அது பொருந்தும். உங்க பொண்ணுக்கு முட்டை லேட்டா உருவாகியிருக்கலாம். அப்படின்னா பிள்ளை நாம நெனச்சதை விட இளசு."

"அப்படி இல்லைன்னா?"

"வளர்ச்சி நின்னுபோயிருக்கலாம். இப்பவே எதையும் சொல்ல முடியாது. காத்திருந்துதான் பாக்கணும்."

"கணக்கு பொருந்தாதுன்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருக்கணும்," என்றார்.

அவர் வாதாடியிருந்தால் நான் தெம்பாக வந்திருப்பேன். டாக்டரே ஒத்துக்கொண்டதும் சண்டை போட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அந்த இரண்டு வாரம் கடையில் மூச்சு விடவே இடம் இல்லாதது போல இருந்தது. மகன் அந்தத் துடிப்பைப் போனில் பிடித்து வைத்திருந்தான். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். மேஜைக்குப் பின்னால் நின்று மெதுவாக வைத்துக் கேட்டான். மெதுவாக வைத்தால் கேட்காதா? மெஷின் நின்றது.

"போனை உள்ள வைடா," என்றேன்.

"ஏம்ப்பா, என் பிள்ளை சத்தத்தை நான் கேக்கக் கூடாதா?"

"வீட்டுல போய்க் கேளு."

"வீடு மாடியில. கடை கீழ. ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு படி. இதுல எங்கப்பா போறது?"

நியாயம்தான். ஆனால் நியாயம் பேசுகிறவன் மேல்தான் கோபம் கூடுதலாக வருகிறது. அந்தச் சத்தத்தை என் மகள் பிள்ளைக்கு மாற்றிப் போட வழி இருந்தால் நான் போட்டிருப்பேன். யோசித்துவிட்டு நானே பயந்துபோனேன். அதுவும் என் ரத்தம்தானே.

மகள் அடிக்கடி பாத்ரூமுக்குப் போனாள். ஒரு குஷன் உறை தைப்பதற்குள் மூன்று தடவை எழுந்தாள். வயிற்றுப்போக்கோ என்று நினைத்து மருமகளிடம் கேட்டேன்.

"ரத்தம் படுதான்னு பாக்கப் போறா மாமா," என்றாள் மருமகள், துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல். எனக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

மிச்ச நேரமெல்லாம் போன். நீர்க்கட்டி என்று தட்டுவாள், கலைவது என்று தட்டுவாள், எவளோ எங்கேயோ எழுதியதைப் படித்து உதடு வெளுத்துப் போவாள். மாப்பிள்ளை ரோட்டிலிருந்து கூப்பிட்டால், "நல்லா இருக்கேன்" என்பாள். அந்த ஒரு பொய்யை மட்டும் தடுமாறாமல் சொன்னாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். வாசலில் சொல்யூஷன் டப்பாவைத் திறந்து வைத்து, அதன் மேல் குனிந்து, மூக்கை உள்ளே விடாத குறையாக மோந்துகொண்டிருந்தாள் என் மகள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. விடாமல் இழுக்கிறாள்.

"ஏய்! என்னடி பண்றே?"

"வரமாட்டேங்குதுப்பா," என்றாள். "எவ்வளவு மோந்தாலும் வரமாட்டேங்குது. அண்ணிக்குத் தூரத்துலயே வருது. எனக்கு ஒண்ணும் வரல. உள்ள ஒண்ணும் இல்லப்பா. அதான் வரல."

என்னைத் தள்ளிக்கொண்டு வந்தவள் மருமகள். டப்பாவைப் பிடுங்கி மூடினாள். அந்த நெடி அவளுக்கும் ஏறியிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியை விழுங்கிவிட்டுப் பேசினாள்.

"பைத்தியமாடி உனக்கு? இருக்கிறதையும் இந்த விஷத்தை மோந்து கெடுத்துக்கப் போறியா?"

"உங்களுக்கு என்ன? நெனச்ச உடனே தங்கிடுச்சு."

"ஆமா, எனக்கு என்ன! நீ ஒரு தடவை பாத்ரூம் போனா இந்த வீடே எந்திரிச்சு நிக்குது. நான் பத்துத் தடவை கக்குறேன், தலையைப் பிடிக்க ஒரு கை வருதா? உனக்கு மாமா பால் கொண்டாந்து கைல குடுக்குறாரு. எனக்கு? டப்பாவை வாசலுக்கு நகத்தினதோட சரி. என் பிள்ளை துடிக்குதுன்னு நான் வாய் திறந்து சிரிக்க முடியல. சிரிச்சா நீ அழுதுடுவியேன்னு மாடில போய் தலகாணிக்குள்ள சிரிச்சேன். பயம் உனக்கு மட்டும்தானா? எனக்கும் இதுதான் முதல் பிள்ளை. என்னை யாராவது 'எப்படி இருக்கே'ன்னு கேட்டாங்களா?"

என் மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"என்னைப் பாத்தா உங்களுக்குப் பொறாமையா?"

"பின்னே?"

"எதுக்கு? இந்த மூஞ்சிக்கா?"

"அந்த மூஞ்சிக்கு விழுற கவனிப்புக்கு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள் என்பது அவளுக்குப் புது ருசி. பால் விஷயத்தில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பெண்கள் சண்டையில் மாமனார் புகுந்தால் இரண்டு பக்கமும் அடி விழும்.

"போனைக் குடு," என்றாள் மருமகள்.

"எதுக்கு?"

"குடு. கடை திறந்திருக்கிற வரைக்கும் அது என்கிட்ட இருக்கும். உன் வீட்டுக்காரர் கூப்பிட்டா மட்டும் தருவேன். நீ எதைப் படிக்கணும்னு துடிக்கிறியோ அதை என்கிட்ட வாய்விட்டுக் கேளு."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. அதான் நல்லது. எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன். அந்த போன் அப்படிச் சொல்லாது."

கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்தாள். அன்றிலிருந்து ஓயாமல் கேள்வி. "அண்ணி, அடிவயிறு இழுக்குது, பரவாயில்லையா?" "தெரியாது. எந்திரிச்சு நடந்துட்டு வா." "அண்ணி, கனவு கெட்டதா வந்துச்சு." "எனக்கும்தான். என் பிள்ளைக்குப் பல்லெல்லாம் மாமா மாதிரி." மருமகள் பின்கட்டுக்கு ஓடினால் மகள் பின்னாலேயே ஓடித் தலையைப் பிடித்தாள். அப்போதும் அவள் கண்ணில் எரிச்சல் இருந்தது. கை மட்டும் பிடித்தது. நான் இரண்டு டம்ளரில் பால் கொண்டுவந்தேன், யாரும் பாராட்டவில்லை.

இரண்டாவது ஸ்கேன் அன்றைக்கு மாப்பிள்ளை எங்கோ தூரத்தில் லோடோடு நின்றார். மகன் கடையைப் பார்த்துக்கொண்டான். நான் கிளம்பினேன். மருமகளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா? பஸ்ஸுல குமட்டும்."

"குமட்டினா குமட்டட்டும் மாமா."

ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே வயிறு பெருத்த பெண்கள். ஒவ்வொருத்தியையும் என் மகள் மேலும் கீழும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள். கொடுத்துவைத்தவளுக்குத்தான் இங்கே கொட்டாவி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். "ஒருத்தர்தான் கூட வரலாம்."

நான் எழுந்துவிட்டேன். தாயில்லாமல் வளர்ந்தவள் அவள். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் கூடப் போனவன் நான்தான். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் திரும்பினாள்.

"அண்ணி, நீங்க வாங்க."

கதவு மூடியது. என் கையில் இரண்டு பேருடைய பையும். நேற்று வந்தவள் உள்ளே நிற்கிறாள், பெற்றவன் பை தூக்கிக்கொண்டு வெளியே நிற்கிறான். உள்ளே என்ன ஆகிறதோ என்கிற பயத்துக்கு நடுவிலும் இந்தக் குத்தல் எப்படி வருகிறது என்று எனக்கே புரியவில்லை. கதவுப் பக்கம் போய்க் காதை வைத்தேன்.

"பெரியவரே, அங்க நிக்கக் கூடாது."

"நிக்கல. சாஞ்சிருக்கேன்."

உள்ளே நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல் எழும்பியது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. யாருடைய குரல் என்றும் தெரியவில்லை. என் நெஞ்சு அடித்த அடியில் வேறெதுவும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. மகள் முகம் முழுக்க ஈரம். வாய் கோணுகிறது. மருமகள்தான் சொன்னாள்.

"இருக்கு மாமா. துடிக்குது."

"எது?"

"பிள்ளை மாமா! வேற எது?"

"நல்லாப் பாத்தாங்களா? இன்னொரு தடவை பாக்கச் சொல்லவா?"

"ரெண்டு தடவை பாத்தாச்சு. இளசுதானாம். டாக்டரம்மா சொன்ன மாதிரியே லேட்டா உண்டாகியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் பாத்து இருக்கச் சொல்றாங்க."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். மகள் என் தோளில் கை வைத்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நிமிர்ந்தேன். அவளோ எனக்கு மேலாக மருமகளைப் பார்த்தாள்.

"அண்ணி, உங்களுக்கு அன்னைக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு அடிச்சுதுன்னு சொன்னாங்க?"

"எதுக்கு இப்போ?"

"சும்மாதான்."

"உன்னோடதை விடக் கொஞ்சம் கம்மி."

"அப்படியா!" என்றாள் என் மகள். அந்த முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

"ரொம்பத் துள்ளாதே. உருவத்துல என்னோடதுதான் பெருசு. இனிமே உன்னோடதுதான் என்னோடதை அத்தான்னு கூப்பிடணும்."

"பாப்போம், பாப்போம்."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்கள். நான் நர்ஸிடம் போனேன்.

"நான் ஒரு தடவை கேக்கலாமா? அந்தச் சத்தத்தை?"

"அதெல்லாம் முடிஞ்சுது பெரியவரே. அடுத்த தடவை வாங்க."

"அடுத்த தடவை நான்தான் உள்ள வருவேன்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். எதிரே இருந்த பெண்கள் சிரித்தார்கள். என் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.