மீதிப் பதினாலு பக்கம்

காரைக்குடி வாசகர் வட்டத்தில் அழகுசுந்தரத்தை முதுகுக்குப் பின்னால் 'இன்ஸ்பெக்டர்' என்பார்கள். மனிதர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போலீசுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. மாதம் ஒரு குடும்ப நாவலைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு அவர் விசாரிக்கிற விசாரணைக்குத்தான் அந்தப் பெயர்.

இப்போது வருகிற நாவல்களில் பெண்கள் வெங்காயம் உரிக்கும்போதுகூட வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள் என்பார். கடைசி அத்தியாயத்துக்குள் யாராவது ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிவிட வேண்டும். பரணில் ஒரு கடிதம் அகப்பட வேண்டும். செட்டிநாட்டு வீட்டை வைத்து எழுதிய ஒருவர், கல்யாணமான மூன்று மகன்களையும் ஒரே அடுப்பில் சாப்பிட வைத்துவிட்டார். "எங்க வீடுகள்ல மகனுக்குக் கல்யாணமானா வேறு வச்சிருவோம்யா. ஒரே கூரை, நாலு அடுப்பு. இதைக்கூட விசாரிக்காம எப்பிடி எழுதுறாக?" என்று அவர் பொங்கியதில் கூட்டம் டீ குடிக்க மறந்துபோனது.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடிக்காதது, மனதில் உள்ளதையெல்லாம் ஆட்கள் கொட்டிவிடுவதுதான். "நாவல்ல எல்லாரும் பேசிர்றாக. வீட்ல யாரும் பேசுறதில்ல." எந்த நாவலை எடுத்தாலும் கடைசியில் இந்தத் தீர்ப்பில்தான் வந்து நிற்பார்.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. ஏழு வயதில் அவரைப் பிள்ளை கூட்டித் தத்துக் கொடுத்துவிட்டார்கள். பெற்ற அப்பச்சியின் அண்ணனுக்குக் குழந்தை இல்லை. வம்சம் அற்றுப்போகக் கூடாதே என்று பங்காளிக்குள்ளேயே பிள்ளை எடுத்துக்கொள்வது வழக்கம். நல்ல நாள் பார்த்து, புது வேட்டி கட்டி, மாலை போட்டு, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார்கள். தனக்குப் பிறந்தநாள் என்று பிள்ளைக்கு நினைப்பு. மறுநாள் காலையில் "ஆத்தா" என்று ஓடிவந்தவனைப் பெற்றவளே தடுத்து நிறுத்தி, "நான் உனக்குச் சின்னாத்தா. உன் ஆத்தா அங்க இருக்காக" என்று பெரியவர் வீட்டைக் காட்டினாள்.

அன்றோடு சரி. ஐம்பத்து நான்கு வருஷமாக அவள் சின்னாத்தாதான். ஏன் என்னைக் கொடுத்தாய், தம்பி இராமுவை ஏன் வைத்துக்கொண்டாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வளர்த்தவர்கள் தங்கமாக வளர்த்தார்கள். கேட்டால் அவர்களுக்குச் செய்கிற துரோகம் என்றிருந்தது. அவர்கள் போய்ச்சேர்ந்த பிறகு கேட்கலாம் என்றால், அதற்குள் கேட்காமல் இருப்பதே பழகிவிட்டது.

பெற்றவள் நாச்சியம்மை ஆச்சிக்கு எண்பத்திரண்டு வயது. கோவிலூரில் இராமுவோடு இருந்தாள். சர்க்கரை கண்ணைக் கொண்டுபோய்விட்டது, கதைப் பைத்தியம் மட்டும் போகவில்லை. இரண்டு வருஷமாகத் தினமும் மூன்று மணிக்கு அழகுசுந்தரம் ஸ்கூட்டரில் வந்து அவளுக்கு நாவல் படித்துக் காட்டினார். வாசகர் வட்டத்தில் அவர் எடுத்துவிட்ட கருத்துகளில் பாதி அவளுடைய சரக்கு.

"இந்த மருமகளுக்கு வீட்ல வேலையே இல்லையாப்பா? நாலு பக்கமாச் சன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிறா."

"அவளுக்கு மனசு சரியில்ல சின்னாத்தா."

"மனசு சரியில்லாட்டி உலை கொதிக்காதா? மேல படி."

கதையில் வருகிறவர்களைப் பற்றி வம்பளப்பதைத் தவிர இருவரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. கிடைத்தவரைக்கும் லாபம் என்று அவரும் இருந்துவிட்டார்.

போன மாதம் எடுத்த நாவலை அவர் முன்னதாகப் புரட்டிப் பார்க்கவில்லை. பாதி வந்த பிறகுதான் தெரிந்தது, கதாநாயகன் தத்துப் போனவன் என்று. படிப்பதை நிறுத்தினார். "ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தானே போகுது" என்றாள் ஆச்சி. படித்தார். ஒரு வியாழக்கிழமை கடைசி அத்தியாயத்துக்கு வந்தார். கண் முந்திக்கொண்டு கீழே ஓடியது. மகன் பெற்றவள் முன்னால் போய் நின்று, 'என்னை ஏன் கொடுத்தாய்?' என்று கேட்கிறான்.

அடையாளத் தாளை அங்கேயே செருகிப் புத்தகத்தை மூடினார். "வாசல் வரைக்கும் வந்தவன், ஒண்ணும் கேக்காமத் திரும்பிப் போயிட்டான். அம்புட்டுத்தான் சின்னாத்தா, கதை முடிஞ்சிருச்சு."

ஆச்சி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேக்கலையா?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா அந்தம்மா மனசு நோகாதா?"

"நொந்தா நோகட்டும். அவளும் அதுக்குத்தானே காத்துக் கெடந்திருப்பா? தானாப் போயிச் சொல்ல அவளுக்கு ஏதுப்பா வாயி? கொடுத்தவளாச்சே. அவன்தான் கேக்கணும்."

அழகுசுந்தரத்துக்குக் கேள்வி வாய்வரைக்கும் வந்தது. அறுபத்தொரு வயது மனுஷன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பயந்துபோய் எழுந்துவிட்டார். "நாளைக்கு வாரேன் சின்னாத்தா" என்று வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தார். புத்தகத்தைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. இருக்கட்டும், நாளைக்குப் போய்ப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படித்துக்காட்டிவிடுவோம், அதையே சாக்காக வைத்துக் கேட்டும்விடுவோம் என்று முடிவு செய்தார். வீடு வந்து சேரும் வரைக்கும் எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுதான் யோசனை.

காலை ஆறு மணிக்கு இராமு போன் செய்தான். "அண்ணே, ஆத்தா போயிருச்சுண்ணே. காப்பி கொடுக்க எழுப்புறோம், எந்திரிக்கல."

மதியத்துக்குள் கோவிலூர் வீடு நிறைந்துவிட்டது. இராமு மொட்டை போட்டு ஈர வேட்டியோடு நின்றான். சடங்கு நடத்துகிறவர் "மகன் வாங்க" என்று கூப்பிட்டார். அழகுசுந்தரத்தின் கால் தன்னை அறியாமல் ஓரடி முன்னால் போனது. பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் மெதுவாக முழங்கையைப் பிடித்தார். "அழகு, நீ இங்குட்டு எங்களோட நில்லப்பா."

அவர் சொன்னதில் தப்பில்லை. கூட்டிக்கொடுத்த பிள்ளை இந்த வீட்டுக்கு மகனில்லை, கொள்ளி வைக்கிற உரிமை இராமுவுக்குத்தான். ஊரார் எழுதிய நாவலையெல்லாம் விசாரித்தவர் தன் வழக்குக்கு வாய் திறக்க முடியாமல் நகர்ந்து நின்றார்.

பாடை கட்டுகிற நேரத்தில் இராமு புத்தகத்தோடு வந்தான். "அண்ணே, இது உங்களது. நேத்துச் சாயங்காலம் பூரா ஆத்தா கையிலயே வச்சுத் தடவிக்கிட்டு இருந்துச்சு. நீங்க தாள் வச்ச எடத்துக்கு அங்குட்டு எம்புட்டுப் பக்கம் இருக்குன்னு எண்ணச் சொல்லுச்சு. பதினாலுன்னேன்."

அழகுசுந்தரம் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "என்ன சொன்னாக?"

"'முடிஞ்சிருச்சுன்னானே'ன்னு சிரிச்சுச்சு. நான் படிக்கவான்னேன். 'வேணாம், நாளைக்கு அவனே வந்து படிக்கட்டும். எனக்கும் அவன்கிட்டச் சொல்ல ஒண்ணு இருக்கு'ன்னுருச்சு."

"என்னன்னு சொன்னாகளா?"

"இல்லண்ணே. உங்ககிட்டத்தான் சொல்லப்போகுதேன்னு நானும் கேக்கல."

அழகுசுந்தரம் பங்காளிகளின் வரிசையை விலக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் விழுந்தார். "ஆத்தா" என்று வீடே கேட்கக் கத்தினார். "ஆத்தா, ஆத்தா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருமே அப்படிச் சொல்லித்தான் அழுதுகொண்டிருந்தார்கள்.