நடுங்கினால் கதவைத் திற

அந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: லவுத்தாரோ, எண்பத்தொரு வயது, வால்பரைசோ துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர், இப்போது காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில் நிற்காதவர். சிக்னே, இருபத்தொரு வயது, டென்மார்க்கிலிருந்து ஒரு வருடப் படிப்புக்கு வந்து இந்த வீட்டில் தங்கியிருப்பவள். வேறு யாரும் இல்லை. வீட்டுக்காரி எலியானா மருந்துக்கடை வேலை முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. லவுத்தாரோ அவளுக்குச் சித்தப்பா.

சிக்னே வந்த முதல் வாரமே எலியானா அவளிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தாள். ஒன்று, வாசல் கதவு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும், சாவி ஃபிரிட்ஜ் மேல். சித்தப்பா ஏற்கெனவே இரண்டு முறை தொலைந்து போயிருக்கிறார். மூன்றாவது முறை போனால் முதியோர் இல்லம்தான் என்று எலியானாவின் அண்ணன் எர்னான் முடிவாகச் சொல்லி, இல்லத்தில் பெயரும் கொடுத்துவைத்துவிட்டான். இரண்டு, தரை நடுங்கினால் முதல் வேலை கதவைத் திறப்பது. நிலை கோணிக்கொண்டால் கதவு அசையாது, உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

இரண்டும் ஒன்றாக வந்தால் எது பெரியது என்று எலியானா சொல்லவில்லை. சிக்னேயும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு புரண்டு புரண்டு கவலைப்படுகிறவள் அவள்.

ஐந்தேகாலுக்குக் கோப்பைகள் கிணுகிணுத்தன. கிழவர் தலையைத் தூக்காமல், சின்னதுதான் என்றார். சொல்லி முடிப்பதற்குள் தகரச் சுவர்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. வீடு இருந்த குன்று முழுக்க நாய்கள் குரைத்தன. சிக்னே சாவியை எடுத்து, இரண்டு தடவை தவறவிட்டு, கதவைத் திறந்து, கிழவரைக் கைத்தாங்கலாக நிலையடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்புறம்தான் அடுப்பு எரிவது ஞாபகம் வந்தது. உள்ளே ஓடினாள். சிலிண்டர் திருகு இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் திருகி மூடிவிட்டு வந்தபோது ஆட்டம் நின்றிருந்தது. நிலையடியில் ஆள் இல்லை.

படிக்கட்டில் இறங்கி ஓடினாள். உடைந்த பூந்தொட்டியைப் பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி யாரையும் பார்க்கவில்லை என்றாள். விழுந்திருப்பாரோ என்பது சிக்னேயின் முதல் நினைப்பு. என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது அவ்வளவு சீக்கிரம் வந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. எலியானாவுக்குப் போன் செய்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தவளுக்கு ஒரே பதில்தான் வந்தது.

"துறைமுகத்துக்குப் போ. அவரு வேற எங்க போவாரு."

துறைமுக வாசலில் மாலை ஷிஃப்ட்டுக்குப் பெயர் கூப்பிடக் காத்திருந்த கூட்டத்தின் நடுவில் கிழவர் நின்றிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. தலையில் யாரோ மாட்டிவிட்ட ஆரஞ்சு ஹெல்மெட். கையில் டீ. அவரை அடையாளம் தெரிந்த பழைய ஆள் ஒருவன் சிக்னேயை ஏற இறங்கப் பார்த்தான்.

"கூட்டிட்டுப் போ தாயி. ஆனா நாளைக்கு ஆறு மணிக்கு ஆளை அனுப்பிடணும், ஆமா. பேரு எழுதியாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் கிழவர். ஐந்து மாதத்தில் அவர் சிரித்து சிக்னே கேட்டது அதுதான் முதல் தடவை.

நடுக்கத்துக்குப் பிறகு குன்றில் ஆட்களை ஏற்றி இறக்கும் இழுவை வண்டியை நிறுத்திவிட்டார்கள். படியேறித்தான் வந்தார்கள். இருபது படிக்கு ஒரு முறை உட்கார்ந்து உட்கார்ந்து. எலியானா வாசலிலேயே நின்றிருந்தாள். கிழவரின் செருப்பைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து அதே இடத்தில் வைத்தாள்.

"அண்ணன் ஏழு மணிக்கு வருவான். ஒண்ணும் நடக்கல, புரியுதா? ஆடுச்சு, நின்னுச்சு. அவ்வளவுதான்."

"எம்மேல கோவமா?" என்றாள் சிக்னே.

"கோவப்பட இப்ப நேரமில்ல. அந்த அவகாடோவ மசி."

எர்னான் வியாழன்தோறும் மாலை டீக்கு வருவான். பள்ளிக்கூடத்தில் கண்காணிப்பாளன். எதிரில் இருப்பவரைச் சீண்டாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆட்டம் கண்ட உடனே டென்மார்க்குக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா என்று சிக்னேயைக் கேட்டான். அவள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்தாள்.

கிழவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு எனக்கு ஆறு மணி ஷிஃப்ட்டு. நேரத்தோட எழுப்பி விடு, எலியானா."

"எந்த ஷிஃப்ட்டு, சித்தப்பா?" என்றான் எர்னான்.

"கேட்ல பேரு எழுதினாங்க. இந்த வெள்ளக்காரப் பொண்ணுதான் கதவத் தொறந்து விட்டா."

காலைச் சாப்பாடு மறந்துபோகிறவருக்கு இது மறக்கவில்லை. எர்னான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு சிக்னே பக்கம் திரும்பினான். முகத்தில் கேலி இல்லை.

"நெசமா?"

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த எலியானாவின் கத்தி நின்றது.

"கதவத் தொறந்தேன். ஆனா அவரு எங்கயும் போகல. ரெண்டு பேரும் வாசல்லயே நின்னோம்," என்றாள் சிக்னே. ஸ்பானிஷில் எப்போதும் திக்கித் திணறுகிறவள், இதை மட்டும் ஒரு பிழையில்லாமல் சொன்னாள்.

கிழவர் அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை.

"நீதான வந்து கூட்டிட்டு வந்த," என்றார். பிறகு தன் கையைப் பார்த்தார், அதில் ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல. "வந்தியா, வரலியா?"

சிக்னே அவகாடோக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எர்னான் நெற்றியைத் தேய்த்தான். அப்புறம் தங்கையிடம் குரலைத் தாழ்த்திப் பேசினான். "இதுவரைக்கும் மறதிதான். இப்ப நடக்காததெல்லாம் நடந்ததா சொல்றாரு. நாளைக்கு ஷிஃப்ட்டுன்னு நெனச்சு ஜன்னல் வழியா எறங்கினா என்ன பண்ணுவ? இனிமே உன்னால முடியாது. சனிக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன்."

எலியானா எதையோ சொல்ல வந்தாள். அவர் சொன்னது கற்பனை இல்லை என்றால், அது அவர் தொலைந்துபோன மூன்றாவது முறை. அவளுக்கும் அது அந்தக் கணமே தெரிந்தது. மறுபடி ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னாலும் இல்லம், பொய் சொன்னாலும் இல்லம் என்று சிக்னேயின் தலைக்குள் ஓடியது. உண்மையைச் சொல்லியிருந்தால், கிழவர் தான் சொன்னது சரிதான் என்று தெரிந்த ஆளாகப் போயிருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த இரண்டு நாளும் எலியானா அவளைத் திட்டவில்லை. தட்டில் வைக்கிற சோற்றையும் குறைக்கவில்லை. கிழவர் மட்டும் அவ்வப்போது எழுந்து வந்து, எதையோ கேட்கப்போகிறவர் போல சிக்னேயின் அறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அவர் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை எர்னானின் காரில் நால்வரும் போனார்கள். இல்லத்தின் இரும்புக் கதவை நீல ஏப்ரன் கட்டிய பெண் திறந்தாள். கிழவர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, பேர் எங்கே எழுத வேண்டும் என்று கேட்டார். உள்ளே என்றாள் அவள். எலியானா காரைவிட்டு இறங்கவில்லை.

சிக்னே நடைபாதையில் எர்னானின் சட்டைக்கையைப் பிடித்தாள். அன்றைக்கு அவர் சொன்னது உண்மை, துறைமுகத்துக்குப் போனார், நான்தான் பொய் சொன்னேன் என்று கொட்டினாள்.

"ரெண்டுல எதுன்னாலும் இங்கதான் வந்திருப்பாரு," என்றான்.

"அவருகிட்டயாவது சொல்லணும். அவரு சொன்னது சரின்னு."

"அப்ப போய்ச் சொல்லு."

அவள் வாசலுக்குப் போனாள். கிழவர் உள்ளே நடைகூடத்தில் பாதி தூரம் போயிருந்தார். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பினாரா என்று தெரியவில்லை, ஏப்ரன்காரி குறுக்கே வந்து நின்றாள்.

"மொத வாரம் யாரும் உள்ள வரக் கூடாதும்மா. அப்பத்தான் பழகுவாங்க."

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு பூட்டு.