லூர்துராணி எழுதிய பன்னிரண்டு நிமிடம்

தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நான்காவது மாடியில் அந்தப் பயிலரங்கு மூன்று நாள் நடந்தது. பொம்மை நோயாளியை வைத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கான பயிற்சி அது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து டாக்டர்களும் நர்ஸ்களுமாகப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். லூர்துராணி அவர்களில் ஒருத்தி. நாற்பத்தொன்பது வயது. இருபது வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, ஏழு வருடமாக ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறாள். கல்லூரியில் போன வருடம் வாங்கிய பொம்மை உறை பிரிக்காமல் கிடந்தது. அதை ஓட்டத் தெரிந்துகொண்டு வரட்டும் என்று பிரின்சிபால் இவளை அனுப்பியிருந்தார்.

பொம்மை மூச்சு விட்டது. கையைப் பிடித்தால் நாடி துடித்தது. ஒலிபெருக்கி வழியாகப் பேசியது. அதையெல்லாம் ஒரே காலையில் கற்றுக்கொள்ள முடிந்தது. பயிற்சி நடத்த சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர் யமுனா அதற்கு மேல் வேறொன்றைச் சொன்னாள். பொம்மையோடு வேலை செய்வது பாதிதான், அது முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுகிறோமே, அங்கேதான் படிப்பு நடக்கிறது என்றாள். மாணவி தப்புச் செய்திருந்தால் ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆரம்பிக்கக் கூடாது, அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்தது என்று கேட்க வேண்டும் என்றாள். லூர்துராணி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆனால் மனதுக்குள் ஒப்பவில்லை. திட்டு வாங்காத பெண்ணுக்குப் பாடம் நிற்காது என்பது அவளுடைய அனுபவம். அவளும் அப்படித்தான் படித்து வந்தவள்.

இரண்டாம் நாள் மதியம் ஒவ்வொருவரும் பொம்மையை வைத்து நடத்திக் காட்ட ஒரு நிகழ்ச்சி எழுத வேண்டும் என்று வேலை கொடுத்தார்கள். தாங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். நோயாளியின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு நிமிடம் ஓட வேண்டும்.

லூர்துராணி யோசிக்கவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்பு ஸ்ரீரங்கத்தில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு அவள்தான் இன்சார்ஜாக இருந்தாள். பிரேமலதா என்று ஒரு பெண், இருபத்தாறு வயது. மத்தியானம் சுகப்பிரசவம். ஒரு மணிக்கு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் போர்வைக்கு அடியில் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. பணியிலிருந்த அனிஷா என்ற நர்ஸ் போர்வையைத் தூக்கிப் பார்த்தபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் வந்தார், ரத்தம் ஏற்றினார்கள், ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். ஐந்து மணிக்கு அவள் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. விசாரணையில் இன்சார்ஜ் என்ற முறையில் லூர்துராணி அறிக்கை எழுதிக் கொடுத்தாள். பணியிலிருந்த செவிலியர் ரத்தப்போக்கைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்பது அதன் சாரம். அனிஷாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது.

கல்லூரிக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் புது மாணவிகளுக்கு லூர்துராணி இந்தக் கதையைச் சொல்லுவாள். ஒரு பெண் போர்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை, ஒரு உயிர் போய்விட்டது என்று முடிப்பாள். 

அதையே எழுதினாள். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைத்தாள். ஒரு நர்ஸ், பதினான்கு படுக்கை. டிஸ்சார்ஜ் சீட்டுக் கேட்டு நச்சரிக்கிற உறவினர். பாலுக்கு அழுகிற பக்கத்துப் படுக்கைக் குழந்தை. நோயாளி குளிருகிறது என்று சொல்ல வேண்டும், பிறகு தாகம் என்று சொல்ல வேண்டும். நாடி நூறிலிருந்து நூற்று முப்பதுக்குப் போகும். ரத்தம் போனாலும், இளம் உடம்பு என்பதால் ரத்த அழுத்தம் கடைசி வரை நன்றாகவே இருக்கும்.

மூன்றாம் நாள் காலை அதை ஓட்டினார்கள். நர்ஸாக நின்றவர் தஞ்சாவூர்க்காரரான பிரிட்டோ. தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். மற்றவர்கள் பக்கத்து நோயாளிகளாகவும் உறவினர்களாகவும் நடித்தார்கள். லூர்துராணி கண்ணாடிக்குப் பின்னால் யமுனாவுடன் உட்கார்ந்து பொம்மையை இயக்கினாள். இரண்டாவது நிமிடத்திலேயே அவர் போர்வையைத் தூக்கிவிடுவார், பிறகு எதை வைத்து ஓட்டுவது என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

பிரிட்டோ நாடி பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். ரத்த அழுத்தம் பார்த்தார், நூற்றுப் பத்துக்கு எழுபது. சீட்டுக் கேட்டவர் பின்னாலேயே வந்து பேசினார். பொம்மை குளிருகிறது என்றது. பிரிட்டோ போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தினார்.  அனிஷாவும் அப்படிப் போர்த்தியதாகத்தான் விசாரணையில் சொன்னாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, எட்டு ஆயிற்று. பிரிட்டோ மறுபடி நாடி பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி அழுத்தம் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் முடிந்தபோது போர்வைக்கு அடியில் ரப்பர் விரிப்பு முழுக்க, பொம்மையிலிருந்து வடிந்த சிவப்பு நீர் தேங்கியிருந்தது. போர்வை அப்படியே இருந்தது.

யமுனா, வெளியே உட்கார வைத்திருந்த பிரான்சி என்ற நர்ஸைக் கூப்பிட்டு அதே நிகழ்ச்சியை மறுபடி ஓட்டச் சொன்னாள். பிரசவ வார்டிலேயே பதினெட்டு வருடம் இருந்தவள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் போர்வையைத் தூக்கியது பதினோராவது நிமிடத்தில்.

பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச்சை நடத்த வேண்டியது எழுதியவளின் பொறுப்பு. லூர்துராணி ‘ஏன்’ என்று வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நோட்டைப் பார்த்து, அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்தது என்று பிரிட்டோவைக் கேட்டாள்.

“பிரஷர் நல்லா இருந்துச்சு மேடம். அதைப் பார்த்ததும் மனசு சமாதானம் ஆயிடுது. ஆனா ஏதோ சரியில்லைன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு கண்ணு வந்து பார்த்தா தேவலைன்னு வாசலைப் பார்த்தேன். கூப்பிட யாரும் இல்லை.”

யமுனா தாழ்ந்த குரலில் கேட்டாள்: “இந்த வார்டுக்கு இன்சார்ஜ் கிடையாதா மேடம்?”

“உண்டு.”

“அந்த நேரத்துல எங்க இருந்தாங்க?”

“ஆபீஸ் ரூம்ல. மறுநாள் இன்ஸ்பெக்ஷன். ரிஜிஸ்டர் எல்லாம் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க.”

“அவங்களை நீங்க எழுதலையே.”

லூர்துராணி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பாலுக்கு அழுத குழந்தைகூட அதில் இருந்தது. பிறகு அவளால் பேச்சை நடத்த முடியவில்லை. யமுனா அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு பேசி முடித்தாள். 

பழைய வார்டு ஆயா சந்திரம்மாளுக்குப் போன் செய்ததில் அனிஷாவின் விலாசம் கிடைத்தது. காட்டூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து லூர்துராணி அங்கிருந்தே பஸ் ஏறினாள். கதவைத் திறந்தது அனிஷாவின் கணவன் மன்சூர். யார் என்று தெரியாமலே வாங்க, உட்காருங்க என்றான். உள்ளேயிருந்து வந்த அனிஷாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவள் வாங்க என்று சொல்லவில்லை. எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

எந்த மருத்துவமனையும் அதன் பிறகு தன்னை எடுக்கவில்லை என்றும், ஆறு வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாகவும் அவள் பொதுவாகச் சொன்னாள். லூர்துராணி பயிலரங்கில் நடந்ததைச் சொன்னாள். பதினைந்து வருட அனுபவக்காரரும் போர்வையைத் தூக்கவில்லை என்பதைச் சொன்னபோது அனிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

“நான் உங்க ரூமுக்கு எத்தனை தடவை வந்தேன்னு ஞாபகம் இருக்கா சிஸ்டர்?”

ஒரு தடவை என்றாள் லூர்துராணி.

“மூணு தடவை. மொதல்ல பல்ஸ் நூத்திப் பத்து இருக்குன்னு சொன்னேன். பிரஷர் எவ்வளவுன்னீங்க. நல்லா இருக்குன்னேன். அப்புறம் என்ன, போய்ப் பாருன்னீங்க. ரெண்டாவது தடவை தாகம்கிறாங்க, ஒரு நிமிஷம் வந்து பாருங்கன்னேன். வரேன்னீங்க. மூணாவது தடவை நீங்க நிமிரவே இல்லை. வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டேன்.”

முதல் தடவை லூர்துராணிக்கு நினைவிருந்தது. இரண்டாவது தடவை, அனிஷா சொல்லச் சொல்ல, அடியிலிருந்து எழுந்து வந்தது. வரேன் என்று தான் சொன்ன குரல்கூடக் கேட்டது. மூன்றாவது வரவில்லை. எவ்வளவு தேடியும் ரிஜிஸ்டரின் வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. வாசலில் ஆள் தெரியவில்லை. அதனாலேயே அவள் அதை நம்பினாள்.

“விசாரணையில இதைச் சொல்லலையா?”

“சொன்னேன். உங்களைக் கேட்டாங்க. அப்படி எதுவும் இல்லைன்னீங்க.”

மன்சூர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனான். லூர்துராணி தன்னை மன்னிக்கும்படி கேட்டாள். அனிஷா தலையை அசைத்தாள், சரி என்பது போலவும் இல்லை, வேண்டாம் என்பது போலவும் இல்லை.

“மன்னிப்பு இருக்கட்டும் சிஸ்டர். அந்த ரிப்போர்ட்டை மாத்துங்க. போர்வையை நான் தூக்கிப் பார்க்கலை, அது நிஜம். அதை எடுத்துடாதீங்க. ஆனா அது மட்டும் நடக்கலை.”

அந்த வாரமே லூர்துராணி இரண்டு பக்கம் எழுதினாள். பிரின்சிபாலிடம் காட்டியபோது அவர் திகைத்துப் போனார். எட்டு வருடம் ஆன விஷயம், வருகிற ஜூனில் நீங்கள் வைஸ் பிரின்சிபால் ஆக வேண்டியவர், தானாகப் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள் என்று அக்கறையோடுதான் சொன்னார். லூர்துராணி ஸ்ரீரங்கத்துக்குப் போய் நிர்வாக அதிகாரியின் கையிலேயே கடிதத்தைக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் அனிஷாவுக்கு, அவளை நீக்கியதற்குச் சொன்ன காரணத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் போயிற்று. அவள் நர்ஸ் வேலைக்குத் திரும்பவில்லை. வைஸ் பிரின்சிபால் பதவிக்கு வேறொருவர் வந்தார். லூர்துராணி தன் நிகழ்ச்சியைத் திருத்தி எழுதி, ஆபீஸ் அறையில் ஓர் இன்சார்ஜைச் சேர்த்து, மாணவிகளுக்கு நடத்தினாள். இன்சார்ஜாக அவளே உட்கார்ந்தாள். மாணவிகள் வாசலில் வந்து நின்று தயங்குவதை, நிமிராமல் இருந்தபடியே கேட்கப் பழகினாள். அது கடினமாக இருந்தது.

மருத்துவமனை பிரேமலதாவின் கணவனுக்கும் தெரிவித்திருந்தது. ராமர் என்று பெயர், ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். பார்வையாளர் அறையில் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

“ஒண்ணுதான் கேக்கணும். அந்தப் பொண்ணு கூப்பிட்டப்ப நீங்க போயிருந்தா, பொழைச்சிருப்பாளா?”

இந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் நூறு சுற்றுவழி உண்டு. எல்லாம் அவளுக்குத் தெரியும்.

“பொழைச்சிருக்க வாய்ப்பு அதிகம்” என்றாள்.

 அவன் உட்கார்ந்தான். விதி என்று நினைத்துக்கொண்டு எட்டு வருடத்தை ஓட்டிவிட்டதாகச் சொன்னான், அது இதைவிடச் சுலபமாக இருந்தது என்றான். அவள் எதிரில் நின்றாள். அவன் கத்தினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றாள். அவன் கத்தவில்லை. அன்றைக்கு வார்டு வாசலில் எல்லோர் முன்னாலும் அந்த நர்ஸ் பெண்ணைச் சாபம் விட்டதாகவும், உன் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்காது என்று சொன்னதாகவும் சொன்னான். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டான்.

இல்லை என்றாள் லூர்துராணி.

அவன் விலாசம் கேட்டான். அனிஷாவைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று போன் செய்தாள். விவரத்தைச் சொன்னாள். மறுமுனையில் கடையில் யாரோ விலை கேட்கும் சத்தம் வந்தது.

“வரச் சொல்லுங்க” என்றாள் அனிஷா.

அவன் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனான். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று லூர்துராணி கேட்கவில்லை. இரண்டு பேரும் சொல்லவும் இல்லை.