ஏழாம் தேதியின் முதல் மணி

ரொட்டியைப் பிளந்து வைத்து அவகாடோவை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தபோது நாட்டின் தென்கோடியான புந்தா அரேனாஸிலிருந்து எலியேசரின் அம்மா அழைத்தார். திங்கள் மாலை. எங்கள் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. எர்மிந்தா அத்தை தொலைபேசியில் பேசுவது அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

"ஹசிந்தா! வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாந்தியாகோவுல வந்து எறங்கிடுவோம். ஆட்டுத்தொடை ஒண்ணு பெட்டியில கொண்டாறேன். மறுநாள் கல்யாணம்தானே, கெடாம இருக்கும்ல?"

"இருக்கும் அத்தை. ஆனா கல்யாணம் ஞாயித்துக்கிழமை."

"என்னடி இது புதுசா? அட்டையில சனின்னு போட்டிருக்கு. செப்டம்பர் ஆறு, சனிக்கிழமை. கண்ணாடி போட்டுட்டுத்தான் படிக்கிறேன்."

சிரித்தபடி மேசை இழுப்பறையிலிருந்து மிச்சமிருந்த ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் ஆறு, சனிக்கிழமை. தேதி எங்களுக்கு மனப்பாடம் என்பதால் அச்சாகி வந்த பிறகு நானும் எலியேசரும் அந்த வரியை ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. என்ன நடந்திருக்கும் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

குளிர்காலம் முழுக்க சாந்தியாகோவின் கடிகாரம் புந்தா அரேனாஸைவிட ஒரு மணி பின்னால் நடக்கும். செப்டம்பரின் முதல் சனிக்கிழமை முடிகிற நொடியில் நாங்கள் இங்கே கோடைக்கணக்குக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவோம். அவர்கள் தெற்கில் தொடுவதே இல்லை. அன்றிலிருந்து இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். எலியேசர் அப்பா அம்மாவோடு இருந்த மூன்று குளிர்காலங்களில் நாங்கள் தொலைபேசியில்தான் காதலித்தோம். நான் இரவுத் தேநீர் போடும்போது அவன் படுக்கப் போய்விடுவான். "நம்ம ரெண்டு கடிகாரமும் சேர்ற அன்னிக்கே கட்டிக்கலாம், ஒல்லி" என்று அவன்தான் நாள் குறித்தான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஞாயிறில் ஒரு குறை உண்டு. சனி இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு அடுத்த நிமிடம் ஞாயிறு ஒரு மணி. அந்த நாளுக்கு நள்ளிரவு பன்னிரண்டு என்பதே கிடையாது.

இது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்? போல்தோ என்ற சின்ன நிரல்மொழியை நாங்கள் எட்டுப் பேர் உருவாக்கி வருகிறோம். அதன் வயிற்றுக்குள் காலத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். உள்ளே நேரம் என்பது ஒரு நீண்ட எண், அவ்வளவுதான்: உலகத்துக்கே பொதுவான ஒரு கணத்திலிருந்து கடந்துபோன நொடிகள். ஊரும் தேதியும் கிழமையும் அந்த எண்ணுக்குப் பிறகு போட்டுவிடும் சட்டைகள். 'செப்டம்பர் ஏழு' என்று வெறும் தேதியைத் தந்தால், போல்தோ அந்த நாளின் நள்ளிரவை எடுத்து எண்ணாக மாற்றும். கடிகாரம் தாண்டிப்போன நேரத்தைக் கேட்டால், தாண்டிய பிறகு வரும் கோடைக்கணக்கை வைத்து மாற்று என்று எழுதியிருந்தேன். பல நாடுகளில் கடிகாரம் தாண்டுவது விடியற்காலை இரண்டு மணியை. அங்கே இரண்டரையைக் கேட்டவருக்கு ஒன்றரை கிடைக்கும். தேதி மாறாது, யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் தாண்டுவது நள்ளிரவை. ஒரு மணி பின்னே சரிந்தால் முந்தின நாளில் போய் விழும். ஞாயிறு பன்னிரண்டைக் கேட்ட கல்யாண அட்டைக்குச் சனி இரவு பதினொன்று கிடைத்தது. அதில் மணியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் அச்சடித்துத் தள்ளியிருந்தோம்.

போல்தோவில் அட்டைக்கான நிரலை எழுதியவன் எலியேசர். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அட்டையை நீட்டினேன்.

"நான் அம்மா வீட்ல உக்காந்து பாத்தப்ப ஞாயிறுன்னுதானே காட்டுச்சு?"

"அங்க நள்ளிரவு இருக்குடா. அச்சடிச்சது இங்க."

"அப்ப தப்பு என்னோடது இல்ல," என்றான், சந்தோஷமாக.

"இல்ல. என்னோடது. இப்ப ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லு."

தெற்கத்திச் சொந்தங்களுக்கு மட்டும்தான் அட்டை போயிருந்தது. பத்துக் குடும்பம், எல்லோரும் சிரித்துக்கொண்டே தேதியை மாற்றிக்கொண்டார்கள். அவன் அப்பாவால் முடியவில்லை. நிக்கானோர் மாமா ஜலசந்தியைக் கடக்கும் படகில் எஞ்சின் பார்ப்பவர். மாற்று ஆள் வெள்ளி, சனி இரண்டு நாளுக்குத்தான் கிடைத்திருந்தான். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் படகு கிளம்பும்போது மாமா அதில் இருந்தாக வேண்டும். அதற்கு அன்று விடியற்காலை விமானத்தைப் பிடிக்க வேண்டும். பதிவு அதிகாரி எங்களுக்குக் கொடுத்திருந்தது ஞாயிறு நண்பகல். சனிக்கிழமை அவளுக்கு வேறு ஐந்து கல்யாணம். ஒரே மகனின் கல்யாணத்தின்போது அப்பா படகுத்துறையில் இருப்பார்.

நானே அவரைக் கூப்பிட்டேன்.

"மாமா, தப்பு என்னோடது. கடிகாரக் கணக்கை எழுதினது நான்தான்."

எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது. "உன் வேலையே அதைப் பாத்துக்கறதுதானேம்மா?"

"ஆமா மாமா."

"நான் என் வேலையை இப்படிப் பாத்தா படகு கரையில முட்டிடும்."

"முட்டிடுச்சு மாமா."

அவர் சிரித்துவிட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றே திருத்த உட்கார்ந்தேன். எலியேசர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இல்லாத நேரத்தைக் கேட்டா இல்லைன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லணும், நிரலை அங்கயே நிறுத்தணும்" என்றான். "தேதியைக் கேக்கறவன் நள்ளிரவையா கேக்கறான்? அந்த நாளைத்தான் கேக்கறான். நாள் இருக்குல்ல? அதோட முதல் நொடியைக் குடுத்தாப் போச்சு" என்றேன். வெறும் தேதி வந்தால் நள்ளிரவைத் தேடாதே, அந்த ஊரில் அந்த நாள் உண்மையில் தொடங்கும் கணத்தைத் தேடு. பதினான்கு வரிகள். செப்டம்பர் ஏழை ஓட்டிப் பார்த்தேன்: ஞாயிறு, ஒரு மணி. சோதனைப் பட்டியலில் அதைச் சேர்த்தேன். புதிய பதிப்பின் குறிப்பில் என் பெயரைப் போட்டு, பிழை எப்படி நேர்ந்தது என்று முழுதாக எழுதினேன். என் வேலை எனக்குத் தெரியும்; தவறினால் எங்கே தவறினேன் என்பதும் தெரியும். இனி எவர் வீட்டு அட்டையும் சனிக்கிழமைக்குச் சரியாது. எங்கள் வீட்டு ஞாயிறுக்கு மட்டும் எந்தப் பதிப்பிலும் திருத்தம் இல்லை.

வெள்ளியன்று இருவரும் ஆட்டுத்தொடையோடு வந்து சேர்ந்தார்கள். சனி மாலை தேநீருக்கு உட்கார்ந்தபோது மாமா கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையைப் போட்டிருந்தார். "நாளைக்குப் பாக்க முடியாதவன் இன்னிக்கே போட்டுக் காட்டறேன்" என்றார். அத்தை அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது அவருடைய தொலைபேசி ஒலித்தது. படகிலிருந்து மாற்று ஆள். மாமா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அண்ணே, காத்து கெளம்பிடுச்சு. நாளைக்கு ஜலசந்தியை மூடினாலும் மூடுவாங்கன்னு பேசிக்கறாங்க. இன்னிக்கு ராத்திரி ஏழு மணிக்குத் துறைமுகத்துல சொல்லுவாங்க. மூடிட்டா உங்களுக்கு இங்க வேலையே இல்ல."

"எவ்வளவு அடிக்குது?"

"நீங்களே பாருங்க," என்று அவன் வீடியோவைப் போட்டுக் கொடிப்பக்கம் திருப்பினான்.

மாமா தொலைபேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தினார். "முப்பத்தொரு வருஷமா அடங்கு அடங்குன்னுதான் இந்தக் காத்தை வேண்டியிருக்கேன்," என்றார் மெதுவாக. "இன்னிக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"நல்லா அடின்னு சொல்லுங்க," என்றார் அத்தை.

நாங்கள் நால்வரும் முன்னால் குனிந்தோம். உள்ளங்கையளவு திரையில், சாம்பல் நிறக் கடலுக்கு மேலே, படகின் கொடி இஸ்திரி போட்ட துணியாக விறைத்து நின்றது, சற்றுத் தொய்ந்து மடங்கியது, மறுபடி விறைத்தது.